விழுந்தும் விழாத செய்மதி

மன்னாரிலிருந்து தெற்கே கரையோரமாகச் செல்லும் வீதியில் அரிப்பையும் சிலாவத்துறையையும் கடந்தால் கொண்டச்சி வரும். இன்று அங்கே இறங்குபவருக்குக் கண்ணிற் படுவன மரமுந்திரிகைத் தோப்புகளும், முட்பற்றைகளும், அவற்றுக்கப்பால் நீண்டு கிடக்கும் ஒரு குடாவுமே. ஆயின் ஒரு காலத்தில் இக்குடாவின் பெயரை அறியாத முத்து வணிகர் உலகில் இலர் எனலாம். மாசி, பங்குனி மாதங்களில் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டதும் தமிழகத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் மக்கள் திரள் திரளாக வந்திறங்குவர். ஓலைக் கொட்டில்களாலாகிய ஒரு பட்டினம் சில நாள்களில் எழும். சில வாரங்களில் இருந்த இடம் தெரியாமல் மறையும். ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென்றே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் ஒரு மாளிகை கட்டுவித்தார். கடலரித்த அதன் இடிபாட்டை இப்பகுதியார் அல்லிராணிக் கோட்டை என்று அழைப்பர்.

முத்தைப் பற்றி எழுதும் எண்ணத்துடனேதான் நாம் கொண்டச்சிக்குச் சென்றோம். ஆனால் முதல் நாள் மாலையே எமது எண்ணம் வேறு திசையில் இழுக்கப்பட்டுவிட்டது.

பொழுது சாய்ந்து சற்று நேரமாகியிருந்தது. கரையில் இழுத்துவிடப்பட்ட வள்ளமொன்றின் அருகே எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரும், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேரனும் எம்மோடு அமர்ந்திருந்தார்கள். தென்மேற்கு வானத்தின் அடியிலிருந்து ஒளிமிக்க விண்மீன் ஒன்று புறப்பட்டது. மினுக்கவில்லை, ஓசையில்லை. அமைதியாகத் தலைக்கு மேலேறி, வடகிழக்கே சாய்ந்து, அடிவானத்தைத் தொடுமுன்னரே ஊதி அணைத்த விளக்குப்போல் மறைந்துவிட்டது. எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள். மனிதர் தங்கி ஆய்வு செய்யும் சர்வதேச விண்வெளி நிலையமே அது. எமக்கு இருட்டிவிட்ட பின்னரும் 400 கிலோமீற்றர் உயரத்தில் வெயில் இருக்கின்றமையால் அது ஒளிர்ந்தது. பூமியின் நிழலுக்குள் புகுந்ததும் மறைந்தது.

பையன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சேர், அது ஏன் விழாமல் போகுது?" என்று கேட்டான்.

"பூமி இழுக்கிற இழுப்பு அந்த உயரத்துக்கு எட்டாது" என்றார் முதியவர், எமக்கு முந்திக்கொண்டு.

படித்தவர் பலரும் கூறும் விடை இதுவே. ஆயினும் இது பிழையான விடை. அந்த 400 கிலோமீற்றர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் நூற்றுக்கு 89 பங்கு அளவில் இருந்துகொண்டுதானிருக்கிறது. அவ்வளவு உயரமான ஒரு தூணை நாட்டி, அதன் உச்சியில் ஒருவரை நிறுத்தினால், அவர் தரையில் நிற்பது போலவே காலூன்றி நிற்பார். கால் தவறினால் நேரே கீழே வருவார். அவ்வாறாயின் விண்வெளி நிலையம் ஏன் விழவில்லை? விழுந்துகொண்டுதானிருக்கிறது என்பதே சரியான விடை. ஒவ்வொரு விநாடியும் விழுகிறது. ஆனால் தரையைத்தான் அடைகிறதில்லை.

கையிலுள்ள கல்லை நழுவவிட்டால் அது முதல் விநாடியில் ஏறக்குறைய 4.9 மீற்றர், அதாவது 16 அடி, கீழே விழும். அதே கல்லைப் பக்கவாட்டில் எறிந்தாலும், முன்னே ஓடிக்கொண்டே அதே 16 அடிதான் விழும். வேகமாக எறிந்தால் தூரம் கூடுமேயன்றி, விழும் அளவு குறைவதில்லை. இனி, பூமி தட்டையானதன்று என்பதைக் கொண்டச்சி மக்களுக்கு யாரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. கரையை விட்டுப் போகும் வள்ளத்தின் உடல் முதலில் மறைவதையும், பாய் பின்னர் மறைவதையும் பாட்டன் காலந்தொட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். கடலின் முகம் வளைந்து கீழே இறங்குவதனாலேயே அவ்வாறு நிகழ்கிறது. எவ்வளவு இறங்குகிறது? நேர்கோட்டில் 7.9 கிலோமீற்றர் சென்றால், பூமியின் முகம் அக்கோட்டுக்குக் கீழே 4.9 மீற்றர் இறங்கியிருக்கும்.

இவ்விரண்டு கணக்கையும் இப்பொழுது அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். விநாடிக்கு 7.9 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கல்லை எறிய முடியுமாயின், அது ஒரு விநாடியில் 4.9 மீற்றர் விழும். அதற்குள் தரையும் 4.9 மீற்றர் கீழே விலகியிருக்கும். அடுத்த விநாடியும் அவ்வாறே. கல் விழ விழத் தரை விலகும். இவ்வாறு விழுந்துகொண்டே அது பூமியைச் சுற்றிவந்துவிடும். உயர்ந்த மலையுச்சியில் ஒரு பீரங்கியை வைத்து இதனை விளக்கியவர் ஐசாக் நியூட்டன். எண்ணம் 17ஆம் நூற்றாண்டினது. அதனைச் செய்து காட்ட 1957 ஒக்டோபர் 4 வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று சோவியத் நாடு ஏவிய ஸ்புட்னிக் 83.6 கிலோகிராம் நிறையுள்ள ஓர் உலோகக் கோளம். அது 96 நிமிடத்துக்கொரு தடவை பூமியைச் சுற்றிற்று.

உண்மையில் தரையோரமாக அவ்வேகத்தில் எதையும் எறிய இயலாது. காற்றின் உராய்வில் எரிந்து போகும். ஆகவேதான் ரொக்கெட் முதலில் செங்குத்தாக எழுந்து அடர்ந்த காற்றைக் கடக்கிறது; பின்னர் மெல்ல மெல்லச் சாய்ந்து பக்கவாட்டில் விரைகிறது. ரொக்கெட்டின் பெரும் உழைப்பு உயரம் ஏறுவதிலன்று, அந்தப் பக்கவாட்டு வேகத்தைப் பெறுவதிலேயே செலவாகிறது. வேண்டிய வேகம் கிடைத்ததும் இயந்திரத்தை நிறுத்திவிடலாம். அதன் பிறகு செய்மதியை ஓட்டுவதற்கு எரிபொருள் வேண்டுவதில்லை. திசை திருத்தவும் நிலை பேணவும் சிறிதளவு இருந்தாற் போதும். மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்து அதன் தகடுகள் பெற்றுக்கொள்கின்றன.

அந்த வேகத்தைப் பையனுக்கு எவ்வாறு உணர்த்துவதென்று யோசித்தோம். முதியவரே வழி காட்டினார். முத்துக் குளிப்பவன் கல்லைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கி, சிப்பி பொறுக்கி, கயிற்றை அசைத்து மேலே வருவதற்கு ஏறக்குறைய ஒரு நிமிட நேரமாகும். தேர்ந்தவனாயின் இன்னுங் கொஞ்சம் தாங்குவான் என்றார். அந்த ஒரே மூச்சு நேரத்தில் விண்வெளி நிலையம் 460 கிலோமீற்றர் கடந்துவிடும். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை இலங்கையின் முழு நீளம் சுமார் 435 கிலோமீற்றரே. குளிப்பவன் தலை நீருக்குள் மறையும்போது வடமுனையில் இருந்த செய்மதி, அவன் தலை மேலே தெரியுமுன் தென்முனையைத் தாண்டியிருக்கும்.

அதற்குள் இருக்கும் மனிதர் மிதப்பதன் காரணமும் இப்போது விளங்கும். அவர்களும் விழுகிறார்கள், அவர்கள் இருக்கும் கூடும் அதே வேகத்தில் விழுகிறது. பாதத்தை ஏந்தித் தாங்க ஒரு தரை இல்லை. அதனையே நாம் பாரமின்மை என்கிறோம்.

"அப்படியென்றால் எப்பவுமே விழுந்து முடியாதா?" என்றான் பையன். நல்ல கேள்வி. அதற்கு நமது நாட்டிலேயே சான்று உண்டு. இலங்கைப் பொறியியலாளர் இருவர் யப்பானின் கியூஷு தொழினுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து உருவாக்கிய 'ராவணா - 1' என்னும் சிறு செய்மதி, 2019 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, அவ்வாண்டு ஜூன் 17இல் வெளியே விடப்பட்டது. கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு பெட்டிதான் அது. நிறை ஒரு கிலோகிராமுக்குச் சற்றே அதிகம். 400 கிலோமீற்றர் உயரத்திலும் காற்றின் மிக மெல்லிய சுவடு உண்டு. அச்சுவடு நாளும் பொழுதும் உராய்ந்து அதன் வேகத்தைக் குறைத்தது. வேகம் குறையப் பாதை தாழ்ந்தது. தாழத் தாழக் காற்று அடர்ந்தது. 2021இல் ராவணா எரிந்து முடிந்தது. விண்வெளி நிலையமும் இவ்வாறு தாழ்ந்து போகாமலிருக்க, அதனை இடையிடையே இயந்திரங் கொண்டு மேலே தள்ளிவிடுகிறார்கள்.

இவ்விடத்தில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கடலுக்கு அக்கரையில் உள்ளோர் இதனைச் செயற்கைக்கோள் என்பர். இலங்கைத் தமிழர் செய்மதி என்பர். இரண்டும் நல்ல சொற்களே. எனினும் எமக்குச் செய்மதியிடம் சற்றே பட்சபாதம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. செய்யப்பட்ட மதி என்னும் பெயரிலேயே அதன் இயல்பு அடங்கியிருக்கிறது. வானத்து மதியும் 3,84,400 கிலோமீற்றருக்கு அப்பால் இதே போல் விழுந்து விழுந்து பூமியைச் சுற்றுவதுதான்.

உயரமும் வேகமும்

மதி ஒரு சுற்றுக்கு 27 நாளுக்கு மேல் எடுக்கிறது. விண்வெளி நிலையம் ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவிடுகிறது. பூமிக்கு அண்மையில் இழுப்பு அதிகம்; விழாதிருக்க வேகமும் அதிகம் வேண்டும். தொலைவு கூடக் கூட வேகம் குறையும், வட்டமும் பெரிதாகும். நிலத்தைப் படம் பிடிக்கும் லான்ட்சற் செய்மதிகள் 705 கிலோமீற்றர் உயரத்தில் 99 நிமிடத்திற் சுற்றுகின்றன. வழி காட்டும் ஜி.பி.எஸ். செய்மதிகள் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஏறக்குறைய 12 மணி நேரத்திற் சுற்றுகின்றன. இவ்வாறு உயர்ந்துகொண்டே போனால், ஒரு சுற்றுக்கு ஒரு நாள் எடுக்கும் உயரம் ஒன்று வர வேண்டுமல்லவா? வருகிறது. அது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர். அங்கே சுற்றும் செய்மதி, தன்னைத்தானே சுற்றும் பூமியோடு ஒத்துச் செல்வதால், எமது கண்ணுக்கு வானத்தில் ஆணியடித்தது போல் ஓரிடத்திலேயே நிற்கும்.

அந்த உயரத்தில் மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகெங்கும் வானொலியும் தொலைக்காட்சியும் அனுப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். ஸ்புட்னிக்குக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய கட்டுரை அது. பிற்பாடு அவர் 1956இல் இலங்கைக்கு வந்து, இங்குள்ள கடலில் மூழ்கி நீந்துவதில் மயங்கி, இந்நாட்டையே வீடாக்கிக்கொண்டு, 2008இல் கொழும்பில் காலமானார். அவருடைய கணக்குச் சரியாயிருந்தது; ஒன்றை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை. அக்காலத்து வானொலி வால்வுகள் அடிக்கடி எரிந்து போவதால், அவற்றை மாற்ற அங்கே ஆட்கள் குடியிருக்க வேண்டியிருக்கும் என்று எண்ணினார்! திரான்சிஸ்டர் என்னும் சிறு பொருள் வந்து அந்த ஆட்களின் வேலையைப் பறித்துவிட்டது.

கொண்டச்சியில் கூரைகளின் மேலுள்ள தொலைக்காட்சித் தட்டுகள் அந்த நிலையான செய்மதிகளையே நோக்கி நிற்கின்றன. இவ்வூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகைக்குள் இருப்பதால், அவற்றின் பார்வை ஏறக்குறைய உச்சி வானத்தில் இருக்கிறது. இலண்டனில் இத்தகைய செய்மதிகளைத் தேடுவோர் தெற்கே, அடிவானத்திலிருந்து முப்பது பாகை அளவிலேயே தேட வேண்டும். வட துருவ மீனுக்கோ நிலைமை நேர்மாறு. இலண்டனில் அது உயர்ந்து நிற்கும். கொண்டச்சியில் வடக்கே கடலோரப் பனைகளுக்குள் ஒளிந்து கிடக்கும்.

சொல்ல ஆளில்லாத இரவு

பேச்சு இவ்வாறு போய்க்கொண்டிருக்கையில் முதியவர், "அந்த உயரத்தில் இருக்கிறதுதானே புயலையும் காட்டுறது?" என்று கேட்டார். ஆம் என்றோம். அவர் நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் சொன்னார்.

1964 டிசெம்பர் 22ஆம் நாள். அவருக்கு அப்போது எட்டு வயது. அந்தமான் பக்கத்துக் கடலிற் பிறந்த ஒரு புயல் மேற்கே நகர்ந்து, வட இலங்கையைக் குறுக்கறுத்து, மன்னார்க் கடலில் இறங்கிற்று. அன்றிரவு தனுஷ்கோடி என்னும் பட்டினம் கடலுக்கு இரையானதையும், பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டதையும் பாடநூல்கள் கூறும். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பலுக்கு அக்கரையில் இறங்குதுறையே இல்லாமற் போயிற்று. முதியவர் கூறியது பாடநூலில் இல்லாத ஒன்று. முதல் நாள் கடலில் விட்ட வலையை எடுத்துவரப் போன அவருடைய வாப்பா திரும்பவில்லை.

"வலை போனால் வலைதானே. போக வேண்டாமென்று சொல்ல ஆள் இருக்கவில்லை" என்றார்.

அந்த 1964ஆம் ஆண்டை நாம் பின்னர் எண்ணிப் பார்த்தோம். அவ்வாண்டு ஓகஸ்டில்தான் கிளார்க் கூறிய நிலையான பாதைக்கு 'சின்கொம் - 3' என்னும் செய்மதி ஏவப்பட்டது. ஒக்டோபரில் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுகளை அது பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்க வீடுகளுக்குக் காட்டிற்று. மேகங்களைப் படம் பிடிக்கும் முதற் செய்மதியாகிய 'டைரோஸ் - 1' அதற்கும் முன்பே, 1960 ஏப்ரலில், ஏவப்பட்டு 78 நாள்கள் உழைத்திருந்தது. ஆகவே கருவி இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் தாழ்வான பாதையில் ஓடும் செய்மதி ஓரிடத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய்விடும். மீண்டும் அது வரும்போது புயல் வேறிடத்தில் நிற்கும். எமது கடலை இரவும் பகலும் இமையாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கண் எதுவும் அன்று வானத்தில் இருக்கவில்லை. அப்படியே இருந்திருந்தாலும், அது கண்டதைக் கொழும்பிலிருந்து கொண்டச்சிக் கரைக்கு அன்று மாலைக்குள் கொண்டு சேர்ப்பதற்கு வழியும் இருக்கவில்லை.

அந்தக் கண் 1983இல் வந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் விண்ணேறிய இந்தியாவின் 'இன்சாட் - 1பி', இந்து சமுத்திரத்தின் மேகக் கோலத்தை நிலையான இடத்திலிருந்து அரை மணிக்கொரு தடவை படமெடுத்து அனுப்பத் தொடங்கிற்று. இன்று அதன் வழித்தோன்றல்களும், யப்பானிய, ஐரோப்பியச் செய்மதிகளும் இக்கடலை நோக்குகின்றன. இவை இரவிற் குருடாவதில்லை. உயர்ந்த மேகத்தின் உச்சி குளிர்ந்தது. தாழ்ந்த மேகம் அவ்வளவு குளிர்ந்ததன்று. அவ்வெப்ப வேறுபாட்டைக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரால் அளந்து, நள்ளிரவிலும் புயலின் சுழிப்பை வரைந்துவிடுகின்றன. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டால் அது எத்திசையில், எவ்வேகத்தில் நகர்கிறதென்பது தெரியும்.

2020 டிசெம்பர் 2ஆம் நாள் இரவு 'புரெவி' என்னும் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறி, மறுநாள் மன்னார்க் கடலில் இறங்கிப் பாம்பனை அணுகிற்று. ஏறக்குறைய 1964இன் பழைய தடமே. இம்முறை முதல் நாளே கொண்டச்சியில் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துக் கட்டினார்களாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தலும் நடந்ததாம். தம் மகனைக் கடலுக்குப் போகவிடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்ததை முதியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். புரெவி பழைய புயலைப் போன்று வலிமை மிக்கதன்று. ஆதலின் இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. ஆயினும் புயல் வருமுன்னே அதன் பெயர் வந்துவிட்டது என்பது சிறிய வேறுபாடா?

செய்மதி புயலை நிறுத்துவதில்லை, எச்சரிக்கை ஒன்றே காப்பாகிவிடுவதுமில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'திட்வா' வந்தபோதும் செய்மதிகள் பார்த்துக்கொண்டுதானிருந்தன. எனினும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் நூற்றுக்கணக்கானோரை இந்நாடு இழந்தது. வானத்துச் செய்தியை மலைச்சரிவிலுள்ள கடைசி வீடு வரை, உரிய காலத்தில், விளங்கும் மொழியில் கொண்டு போக வேண்டியது தரையிலுள்ளவர்களின் வேலை.

கடலில் ஒரு கோடு

மறுநாள் அதிகாலை முதியவரின் மகன் தம் வள்ளத்தில் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். கருவியை எமக்குக் காட்டினார். உள்ளங்கையில் அடங்குவது. முன்னோர் மீன்பிடிக்கும் இடத்தைக் கண்டுகொள்வதற்குக் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை, ஒரு பனையையும் ஒரு கோபுரத்தையும் எனக் கொள்வோம், ஒரே கோட்டிற்குக் கொண்டுவருவர். வேறு பக்கத்தில் மற்றோர் இரண்டைக் கோட்டிற்குக் கொண்டுவருவர். கோடுகள் வெட்டுமிடமே இடம். அல்லிராணிக் கோட்டையும் அவ்வாறு பல தலைமுறைக்கு அடையாளமாய் நின்றதாம். ஆனால் கரை மறைந்தால் அம்முறை பயன்படாது, மூடுபனியிலும் பயன்படாது.

கருவி செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். அடையாளங்களை மட்டும் வானத்தில் நாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு செய்மதியும், நான் இன்னது, இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது, என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அச்செய்தி விநாடிக்கு 3,00,000 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது; ஆயினும் வந்து சேர விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரமாகிறது. எவ்வளவு தாமதமோ அவ்வளவு தொலைவு. மூன்று செய்மதிகளின் தொலைவு தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். கையிலுள்ள கருவியின் மலிவான கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள நான்காவது ஒன்றும் வேண்டும். செய்மதியிலுள்ள அணுக் கடிகாரமோ மலிவானதன்று. ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் இடம் 300 மீற்றர் பிழைக்கும். இன்னுமொரு விந்தை: பூமியின் ஈர்ப்பு குறைந்த உயரத்திலும், மிகுந்த வேகத்திலும் ஓடுவதால் அக்கடிகாரம் தரையிலுள்ளதைவிட நாளொன்றுக்கு 38 மைக்குரோ விநாடி முந்துகிறது. ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை கூறும் இவ்வளவைக் கழிக்காவிட்டால், ஒரே நாளில் 11 கிலோமீற்றர் அளவு பிழை சேரும்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையேயுள்ள கடல் முழுவதுமே 30 கிலோமீற்றர் அளவுதான். அதன் நடுவே, 1974இலும் 1976இலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி, இரு நாட்டுக் கடல் எல்லை ஓடுகிறது. அங்கே வேலியில்லை, கல்லில்லை. கருவியில் தெரியும் எண்களே எல்லை. 11 கிலோமீற்றர் பிழை ஓர் ஏழை மீனவனைச் சிறைக்கு அனுப்பப் போதும். ஆனால் எல்லை தெரியாமையினாலேயே இக்கடலில் வழக்கு உண்டாகிறதென்று எண்ணுபவர் உண்மையை அறியாதவர். இருபுறத்தாரிடமும் கருவி உண்டு. இருபுறத்தாரும் பேசுவது தமிழ். இழுவை மடிகள் அடித்தளத்தையே வாரிக்கொண்டு போவதால் தங்கள் வலைகளும் மீன்குஞ்சுகளும் அழிகின்றன என்பது மன்னார் மீனவரின் குறை. இலங்கை 2017இல் அம்முறையைச் சட்டத்தால் தடை செய்தது. அக்கரையில் கடனுக்குப் படகு வாங்கியவனுக்கும் வயிறு உண்டு. இந்த வழக்கைத் தீர்க்கும் செய்மதியை எவரும் இன்னும் ஏவவில்லை.

மீன் எங்கே கூடும் என்பதையும் செய்மதி ஓரளவு சொல்லும். கடலில் நுண்ணிய பாசி பெருகுமிடத்தில் நீரின் பச்சை சற்றே மாறும். அதனைத் தின்னும் சிறு மீனும், சிறு மீனைத் தின்னும் பெரு மீனும் அங்கே வரும். நீரின் நிறத்தையும் மேற்பரப்பின் வெப்பத்தையும் அளந்து இந்தியாவும் இலங்கையும் மீனவருக்கு அறிவித்தல் கொடுக்கின்றன. எனினும் இவை கடலின் தோலை மட்டுமே பார்க்கின்றன. கொண்டச்சிக்கு எதிரேயுள்ள முத்துப்பார்களில் இப்போது சிப்பி விளைந்திருக்கிறதா என்று கேட்டால், உலகத்துச் செய்மதிகள் எல்லாம் சேர்ந்தாலும் விடை கூறமாட்டா. அதற்கு இன்றும் ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போய்த்தான் பார்க்க வேண்டும். இதைச் சொன்னபோது முதியவர் முகத்தில் தோன்றிய திருப்தியை நாம் மறக்கவில்லை.

விடைபெறும் வேளையில் பையன் மேற்கே கைநீட்டி, அக்கரை எது என்று கேட்டான். கொண்டச்சிக்கு நேர் எதிரே, கொஞ்சம் தெற்காக, ஏறக்குறைய 200 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பது குலசேகரன்பட்டினம். தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த இக்கரையும் பழைய முத்துக்குளிப்புக் கரைதான். அங்கே சிறிய ரொக்கெட்டுகளை ஏவுவதற்கான தளமொன்றுக்கு 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் நமது இலங்கையே. துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செய்மதிகளைத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். சிறீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் வழியில் இலங்கை குறுக்கே நிற்கிறது; அதனைத் தவிர்த்து வளைந்து போவதில் எரிபொருள் வீணாகிறது. சிறிய ரொக்கெட்டுக்கு அந்த நட்டம் பெரிது. குலசேகரன்பட்டினத்திலிருந்தாலோ தெற்கே வெறுங் கடல்.

"அங்கேயிருந்து விட்டால் இங்கே தெரியுமா?" என்றான்.

மாலையிலோ இரவிலோ ஏவி, மேகமும் இல்லாதிருந்தால், இந்தக் கரையிலிருந்தே தெரிய வேண்டும் என்றோம். முதலில் மேலே எழும். பிறகு இடப்பக்கமாகச் சாய்ந்து தெற்கே போகும் என்று மணலிற் கோடு போட்டுக் காட்டினோம். அவன் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, ரொக்கெட் எந்த இடத்தில் விழத் தொடங்கும் என்று கேட்டான்.